கத்தரிவால் ஊசித்தட்டான்

சதுப்புக்காட்டு நிலையம்,
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், கடுகு மூன்று பேரும் நலம்தானே. வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. வியாழக்கிழமைப் படகை விட்டால் அடுத்த வியாழன்தான் என்பதால் இது உன் கைக்கு வருவதற்குள் பழைய சேதியாகிவிடும். ஆனாலும் எழுதாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பாய்.

லீவில் வந்திருந்த பத்து நாளும் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். முதல் வருஷம் நான் கிளம்பும்போது கடுகு என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலு வயசு. நீயும் அத்தானும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தீர்கள். இந்த முறை அதே என் மகள் கடுகு வாசலில் நின்று, "படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். சரி என்று உள்ளே போய்விட்டாள். பதின்மூன்று வயசில் எல்லாப் பெண்ணும் அப்படித்தான் என்று நீ சொன்னாய். இருக்கலாம். படகில் ஏறிய பிறகு அழுதேன். படகுக்காரர் பார்க்காத மாதிரி இன்ஜினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் காட்டுக்கு வரத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது அக்கா. அதற்கும் முன்னால், என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை விட்டுப் போனபோது கைப்பிள்ளையோடு என்னை உன் வீட்டில் சேர்த்துக்கொண்டாய். மியூசியத்தில் உன் பிரிவிலேயே வேலையும் போட்டுக் கொடுத்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் டைரக்டர் சொன்ன வார்த்தையையும் மறக்கவில்லை: ஒரு கத்தரிவால் ஊசித்தட்டான், ஒரே ஒரு ஆண், கொண்டுவந்தால் போதும், நிரந்தர வேலை, குடியிருப்பில் வீடு. என் வீடு, என் பிள்ளை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நீ இந்தக் காட்டில் பிடித்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு அந்த மஞ்சள் முகத்தையும் கத்தரி மாதிரி குறுக்கே விழும் வால் கவ்விகளையும் ஒரே உடம்பில் எவரும் பார்த்ததில்லை. நானும்தான்.

ஒரு சந்தேகம். ஆறு வருஷம் முன்பு நான் கண்டுபிடித்து, நீ பெயர் வைத்தாயே நீலநுனி, அதன் கவ்விகளை இந்த வாரம் மறுபடி வரைந்தேன். நீ வரைந்த கத்தரிவாலின் கவ்விகளோடு வைத்துப் பார்த்தால் ஒரு முள் கூட மாறவில்லை. ஊசித்தட்டான் ஆணை வால் கவ்வியை வைத்துத்தானே பிரிக்கிறோம்? நீ பிடித்த கத்தரிவாலை, அந்த மூலமாதிரியை, ஒரு முறை எனக்கு அனுப்பிவையேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திருப்பிவிடுகிறேன்.

கடுகுக்கு முத்தம். இப்போதெல்லாம் துடைத்துக்கொள்கிறாள், ஆனாலும் கொடு.

உன்
தங்கை


மியூசியம் குடியிருப்பு,
ஜனவரி 27

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்ததும்தான் மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தானுக்கு வழக்கமான இருமல். நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உன் மகள் இருக்கும் வீடு எப்படி வெறிச்சோடும்? காலையில் சாக்ஸைத் தேடி அவள் போடும் கூச்சல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும்.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதே. பள்ளியில் புது படிவம் கொடுத்தார்கள். தாயார் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டாள். நன்றாகத் திட்டினேன். "எல்லா மீட்டிங்குக்கும் நீங்கதானே வர்றீங்க பெரியம்மா, டீச்சருக்குக் குழப்பமா இருக்குமே" என்கிறாள். பேனாவால் எழுதிவிட்டாள், அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே கொடுத்துவிட்டேன். சின்ன விஷயம். நீ வேறு எங்காவது கேள்விப்பட்டு மனசு சங்கடப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மூலமாதிரி கேட்டிருக்கிறாய். மூலமாதிரி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? ஓர் இனத்தின் பெயர் அந்த ஓர் உடம்பின் மேல்தான் நிற்கிறது. தபாலில் ஒரு கால் ஒடிந்தாலும் என் தலை உருளும். நான் வரைந்த படம் உன்னிடம் இருக்கிறது, அளவுகள் இருக்கின்றன, அது போதும். கவ்விகள் ஒன்றாக இருக்கின்றன என்கிறாய். நெருங்கிய இனங்கள் அப்படித்தான் இருக்கும். உன் மூக்கும் என் மூக்கும் ஒன்றுதானே, அதனால் நாம் ஒரே ஆளா?

வடக்கு ஓடைக்குப் போ. விழுந்து கிடக்கிறதே பெரிய மரம், அதைத் தாண்டி. தொடை அளவு தண்ணீர். மழை விட்டு ஒரு மணி நேரத்தில், காலை பத்து மணிக்குப் பிடித்தேன். இந்த வருஷம் கட்டாயம் கிடைக்கும், என் மனசு சொல்கிறது. நடுவில் விட்டுவிடாதே.

உனக்கு ரப்பர் பூட்ஸுக்குள் போட நாலு ஜோடி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். கால் நனைந்தால் உனக்கு ஆகாது.

என்றும் உன் நலமே நினைக்கும்
அக்கா


சதுப்புக்காட்டு நிலையம்,
மார்ச் 14

அன்புள்ள அக்கா,

சாக்ஸ் வந்தது. மூன்று ஜோடி அட்டைகளுக்கும் ஒரு ஜோடி எனக்கும் பயன்படுகிறது.

வடக்கு ஓடையில் முப்பத்தொரு நாள் நின்றேன். நீ சொன்ன மரத்தைத் தாண்டி, தொடை அளவில், காலை ஏழிலிருந்து மூன்று வரைக்கும். வலையில் விழுந்ததை இரண்டு விரலால் சிறகைச் சேர்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து வாலைப் பார்த்து, நோட்டில் ஒரு கோடு போட்டு, விட்டுவிடுவது. மஞ்சமூஞ்சி ஆண் இருநூற்றுப் பதினாலு. முகம் மட்டும்தான் மஞ்சள், வாலைப் பார்த்தால் வெறும் கட்டைக் கவ்வி. நீலநுனி ஆண் தொண்ணூற்றாறு. அதற்குக் கத்தரி உண்டு, முகம் கறுப்பு. இரண்டும் சேர்ந்த ஒன்று, அதுதான் இல்லை.

ஒரு நாள் ஏமாந்தேன். இப்போதுதான் தோல் உரித்து வெளியே வந்த ஓர் ஆண், வெளிறிப் போய், முகத்தில் மஞ்சள் மாதிரி ஏதோ. கவ்வி கத்தரி. இளசுக்கு நிறம் வராது என்று தெரிந்தும் நம்பினேன். வலைக்கூண்டில் வைத்து இரண்டு நாள் காவல் இருந்தேன். மூன்றாம் நாள் முகம் கறுத்துப்போயிற்று, நீலநுனி. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். படகுக்காரர் கேட்டுவிட்டு, "அந்தப் பூச்சி நிஜமா இருந்தா, இந்த ஒம்போது வருஷத்துல உங்க மேல இரக்கப்பட்டாவது ஒரு தடவ வந்து உக்காந்திருக்கும்மா" என்றார். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

கணுக்காலில் முள் குத்திப் புண் ஆகியிருக்கிறது. பயப்படாதே, மருந்து போடுகிறேன்.

கடுகு எழுதியிருந்தாள். நாலு வரி. நலம், நலமா, பரீட்சை வருகிறது, இப்படிக்கு. நீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்தாயா? சொல்லிவிடு, கோபப்பட மாட்டேன். பள்ளி லீவு விட்டதும் அவளை மூன்று வாரம் இங்கே அனுப்பு அக்கா. பின் அறையைக் காலி செய்துவிட்டேன். கட்டில் போட்டாயிற்று, படகுக்காரர் மனைவி புதுக் கொசுவலை தைத்துக் கொடுத்திருக்கிறார். காலை வெயிலில் ஓடைக்கரையில் ஆண் பெண்ணின் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஜோடி ஜோடியாகப் பறப்பதை அவளுக்குக் காட்ட வேண்டும். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று அவள் ஒரு தடவை பார்க்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


மியூசியம் குடியிருப்பு,
ஏப்ரல் 10

என் அருமைத் தங்கச்சிக்கு,

கால் புண் எப்படி இருக்கிறது? அலட்சியமாக இருக்காதே. உனக்கு ஒன்று ஆனால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

கடுகு விஷயம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அங்க போய் மூணு வாரம் என்ன பண்றது? போன் கூட கெடையாது" என்கிறாள். அவளுக்கு நீச்சல் வகுப்பு வேறு இருக்கிறது. உன் காட்டுக் காய்ச்சலை நினைத்தால் எனக்கும் அனுப்ப மனசு வரவில்லை, பொய் சொல்வானேன். கட்டாயப்படுத்தி அனுப்பினால் உன் மேல்தான் வெறுப்பு வரும். கட்டிலை எடுத்துவிடாதே, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அதனால் நாங்கள் மூன்று பேரும் மே மாதம் கடற்கரைப் பக்கம் மூன்று வாரம் போகிறோம். அத்தான் வீடு பார்த்துவிட்டார். பத்து வருஷத்தில் நான் எடுக்கும் முதல் நீண்ட லீவு. தபால் எல்லாவற்றையும் ஸ்டோர் கீப்பர் பார்த்துக்கொள்வார்.

ஆபீஸ் சேதி ஒன்று, பதறாமல் படி. செப்டம்பரில் உன் திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறார்கள். இதுதான் கடைசி நீட்டிப்பு என்று டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான்தான் மன்றாடி வாங்கியிருக்கிறேன். "உங்க தங்கைங்கிறதால எவ்வளவு நாள்தான் தாங்குறது" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார், கேட்டுக்கொண்டேன். செப்டம்பருக்குள் ஒரு கத்தரிவால் இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. கடுகைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அவளுக்கு நான் இருக்கிறேன்.

மழைக்கு முன்னால் வடக்கு ஓடையை இன்னொரு தரம் சலித்துவிடு.

உன்
அக்கா


சதுப்புக்காட்டு நிலையம்,
ஜூன் 5

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. கடற்கரையில் நன்றாகவே இருந்திருப்பீர்கள்.

நீ லீவில் இருந்தபோது ஸ்டோர் கீப்பருக்கு எழுதி மூலமாதிரியைக் கேட்டேன். என் பெயரில்தான் கேட்டேன். "மேடம் லீவில் இருக்கிறார், நீங்கள் அவர் தங்கைதானே" என்று ஒரு சீட்டு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். பாவம், நல்ல மனுஷன். இருபத்திரண்டு வருஷமாக எவர் கையிலும் நீ கொடுக்காத உறை. உன் கையெழுத்தில் தேதி, வடக்கு ஓடை, பத்து மணி.

படகில் வந்த ஈரத்தில் தோளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் பிடித்தால் நாம் என்ன செய்வோம்? அசிட்டோனில் போடுவோம். நீயும் நானும் ஆயிரம் தடவை செய்திருக்கிறோம். சாயங்காலம் போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் உடம்பு ஓரிடத்தில் கிடக்கிறது, வால் வேறிடத்தில் கிடக்கிறது. மேலே பாலாடை மாதிரி ஒரு படலம். முகர்ந்து பார்த்தேன். நெயில் பாலிஷ், அக்கா. அசிட்டோனில் அதுதானே முதலில் கரையும்.

ஐயோ மூலமாதிரியை உடைத்துவிட்டேனே என்றுதான் முதலில் பதறினேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முன்பாதி மஞ்சமூஞ்சி. பின்பாதி நீலநுனி. உடைந்த இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை, முன்பாதியின் துளை பெரிசு. கத்தரிவால் என்று ஒன்று இந்தக் காட்டில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

இந்தப் பூச்சிகளின் வால் முறைத்துப் பார்த்தாலே ஒடியும். உன் மேஜையில் இரண்டு ஒடிந்து கிடந்திருக்கும், மாற்றி ஒட்டியிருப்பாய். அவசரத்தில் நடந்த தவறு என்றால் உன் காலைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதிருப்பேன். ஆனால் ஆறு வருஷம் முன்பு நான் நீலநுனியைப் பிடித்து அனுப்பினேனே, உறையைப் பிரித்த அன்றே அது உன்னுடைய வால் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க நீ ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. அந்த வாரம் நீ எனக்கு எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். "நெருங்கிவிட்டாய், இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். அப்போது கடுகுக்கு ஏழு வயசு. முன்பல் விழுந்து அவள் சிரிக்கும் போட்டோவை அதே உறையில் வைத்திருந்தாய்.

ஆறு வருஷம் என் பிள்ளையை வைத்துக்கொள்ள இல்லாத ஒரு பூச்சியைத் தேடவிட்டாயே. உனக்குப் பிள்ளை இல்லை என்று நான் எவ்வளவோ நாள் உனக்காக அழுதிருக்கிறேன். கேட்டிருந்தால் பக்கத்துத் தெருவில் குடியிருந்து பாதிப் பிள்ளையைக் கொடுத்திருப்பேனே.

டைரக்டரிடம் நீயாகச் சொல்லிவிடு. இந்த மாதம் முடியும்வரை பொறுப்பேன். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். எழுதிவிட்டு வந்து கடுகைக் கூட்டிக்கொண்டு போவேன்.

தங்கை


மியூசியம் குடியிருப்பு,
ஜூன் 19

என் அருமைத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியிருக்கிறாய், பதிலை நான் கோபத்தில் எழுதக் கூடாது என்று பொறுத்தேன்.

காய்ச்சலா உனக்கு? கால் புண் உடம்பில் ஏறியிருக்கிறதா? மூலமாதிரியை அசிட்டோனில் போட்டேன் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓர் இனத்தின் ஒரே உடம்பு அது. முன்பாதி என்கிறாய், பின்பாதி என்கிறாய். இப்போது உன் மேஜையில் இரண்டு துண்டு இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் மேஜையில் வேறு எத்தனை வால் கிடக்கிறது என்று எவருக்குத் தெரியும்?

டைரக்டருக்கு எழுது, நான் தடுக்கவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று மட்டும் யோசி. இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிற ஸ்டோர் கீப்பரை முதலில் பிடிப்பார்கள், அனுமதியில்லாமல் அனுப்பியது அவர்தான். அப்புறம் உன் வேலை போகும். வேலையும் வீடும் இல்லாமல் கடுகை எங்கே வைத்துக்கொள்வாய், படகிலா? அவளிடம் லேசாகக் கேட்டுப் பார்த்தேன், அம்மாவோடு போகிறாயா என்று. "எங்க?" என்று கேட்டாள்.

நீ என் கூடப் பிறந்தவள். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வருமா? இதுவரைக்கும் எவரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டு துண்டையும் பத்திரமாக எனக்கு அனுப்பிவிடு. பழையபடி இழுப்பறையில் வைத்துவிடுகிறேன். எவரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

இன்னொன்று. செப்டம்பருக்குள் அங்கிருந்து புதிதாக ஓர் ஆண் வந்துவிட்டால், பழையதை எவரும் கேட்கவே மாட்டார்கள். உனக்கு வேலை, வீடு, உன் பிள்ளை. கடுகை நானே அழைத்துவந்து உன் வீட்டில் விடுகிறேன், இது நான் உனக்குச் சொல்லும் வார்த்தை. எங்கே பிடித்தாய், எப்படிப் பிடித்தாய் என்று நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். நுணுக்கமான வேலையில் உன் கை எப்போதும் என் கையைவிடச் சுத்தம்.

நன்றாகச் சாப்பிடு. எலும்பும் தோலுமாக வந்து நிற்காதே.

உன்
அக்கா


சதுப்புக்காட்டு நிலையம்,
ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

இதனோடு இரண்டு உறை இருக்கிறது. ஒன்றில் நீ கேட்ட பழையது, இரண்டு துண்டும். இன்னொன்றில் ஓர் ஆண் கத்தரிவால். வடக்கு ஓடை, விழுந்த மரத்தைத் தாண்டி, தொடை அளவு தண்ணீர், மழை விட்டு ஒரு மணி நேரம், காலை பத்து மணி. நீ சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருக்கிறேன்.

இரண்டு மாதம் நான் இதைச் செய்ய மாட்டேன் என்று இருந்தேன். ஓடையில் போய் நின்று பிடித்துப் பிடித்து விட்டேன், இன்னும் ஏதோ ஒன்று நிஜமாகவே வந்து விழும் என்கிற மாதிரி. எத்தனை வருஷப் பழக்கம், உடனே போகுமா? ஒரு நாள் கடுகின் கட்டிலைத் தூசி தட்டப் போனேன். கொசுவலை இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அன்றைக்கே மேஜையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் ஓர் உறையில்கூட நான் பொய்த் தேதி எழுதியதில்லை. கூச்சமாக இருக்கிறது. படகுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, "கெடச்சிருச்சா? நெசமாவா?" என்று கேட்டுவிட்டு என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார் மனுஷன். ஆனாலும் சொல்கிறேன், நான் என் பிள்ளைக்காகச் செய்தேன். நீ எதற்காகச் செய்தாய் என்று நீயே கேட்டுக்கொள். எனக்குப் பதில் வேண்டாம்.

எனக்கு வேண்டியது மூன்று. வேலை உத்தரவு. இரண்டு அறை உள்ள வீடு, ஒன்று கடுகுக்கு. அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை, திடீரென்று போய் நின்றால் மிரளுவாள். செப்டம்பர் கடைசி வியாழன் படகில் கிளம்புகிறேன். அவள் படுக்கை விரிப்பு என்ன நிறத்தில் இருந்தால் பிடிக்கும் என்று மட்டும் கேட்டு எழுது. எனக்குத் தெரியவில்லை.

தங்கை


மியூசியம் குடியிருப்பு,
செப்டம்பர் 16

என் அருமைத் தங்கச்சிக்கு,

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் வேறு எவராவது எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட அக்கா எழுதுவது நல்லது.

உன் உறை வந்ததும் டைரக்டரை அழைத்துவந்து அவர் முன்னால்தான் பிரித்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். முறைப்படி பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன், சொந்தத் தங்கை என்பதால் நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதில்லையா? அசிட்டோனில் போட்டேன், அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், இளகிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவால் ஒட்டியிருக்கிறாய். நல்ல யோசனை, எனக்குத் தோன்றியிருக்காது. இரண்டு துண்டாகக் கண்ணாடித் தட்டில் கிடந்ததை டைரக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அதன் பிறகு பழையதையும் சோதிக்க வேண்டியதாயிற்று. லேபுக்கு அனுப்பினோம். நீ திருப்பி அனுப்பிய உறையில் இருப்பது மஞ்சமூஞ்சியின் முன்பாதியும் நீலநுனியின் வாலும் என்று எழுதிவந்தது. என்னுடைய அசலை உன் அசிட்டோனில் தொலைத்துவிட்டு, வேறு இரண்டு துண்டை எடுத்து வைத்திருக்கிறாய் என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். என் படமும் அளவுகளும் இருப்பதால் கத்தரிவால் என்ற பெயர் நிற்கும். காட்டில் இல்லாமல் போனது என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நீ ஜூனில் எழுதிய கடிதத்தை டைரக்டருக்குக் காட்டினேன், மறைத்தால் என் மேலும் குற்றம் வரும். முழுவதும் படித்தார். உடைத்ததையும் உடைத்துவிட்டு, வளர்த்த அக்கா மேலேயே பழி போடுகிறாளே என்றார். நீ என் கடிதத்தைக் காட்ட நினைத்தால் காட்டு. அதில் ஓர் அக்காவின் கவலையைத் தவிர ஒன்றும் இல்லை. தபாலில் சேர்ப்பதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன், அது என்னால் முடிந்தது. இனிமேல் நீ மியூசிய வளாகத்துக்குள்ளும் குடியிருப்புக்குள்ளும் வரக் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். வாசல் காவலரிடம் உன் போட்டோ இருக்கிறது. நிலையத்துச் சாவியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிடு. ஸ்டோர் கீப்பரைப் பற்றிக் கேட்காதே.

பள்ளிக்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது. கடுகுக்கு முழுப் பொறுப்பும் நானும் அத்தானும்தான் என்று. உள்ளே வைத்திருக்கிறேன், பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போடாவிட்டாலும் வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல், ஆனால் கோர்ட்டில் எல்லாவற்றையும் படிப்பார்கள், பிள்ளையும் அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டிவரும். நீ அவளுக்கு அதைச் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ நல்ல அம்மா, அதை எவரிடமும் சொல்வேன்.

டைரக்டர் போனில் பேசியபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. வைத்த பிறகு என்னிடம், "சித்தி பொய் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டாள். சில மாதமாக அப்படித்தான் சொல்கிறாள், உன்னைச் சித்தி என்று. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மீதிக் கணக்கை முடித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் இரண்டு வரி எழுது. இந்த வீட்டில் உன்னை நினைக்காத நாள் இல்லை.

பிரியமுள்ள
அக்கா